மின்மெழுகுவர்த்திக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி

அலமாரியில் மினுக்கும் எல்இடி மெழுகுவர்த்தி, தட்டினால் பாடும் சின்னப் பொம்மை, கலர் மாறும் கண்ணாடி உருண்டை. விலை மலிவான இந்த அலங்காரப் பொருள்களுக்குள் பெரும்பாலும் பட்டன் பேட்டரிதான் இருக்கும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றால் பேட்டரி மூடிக்குத் திருகு கேட்போம். அலங்காரப் பொருளில் அதை யாரும் பார்ப்பதில்லை. பல மூடிகள் நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். கீழே விழுந்தாலும் பேட்டரி தெறித்துவிடும்.

அதிக ஆபத்து சிஆர் 2032 வகையில். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள இந்த அகலமே போதும். பேட்டரி உடைந்து உள்ளிருப்பது கசிவதால்தான் புண் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, எதிர்மின்முனை (மைனஸ்) பக்கம் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரம் உருவாகிறது. அதுதான் சதையை அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் உண்டாகலாம். விளக்கு எரியாத 'தீர்ந்துபோன' பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்த்திருக்காவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், வாந்தி: சாதாரணச் சளி என்றே தோன்றும். எக்ஸ்ரேயில்கூட நாணயம் போலத் தெரியலாம். ஓரத்தில் இரட்டை வளையம் தெரிந்தால் அது பேட்டரி. எனவே வீட்டில் ஒரு பேட்டரியைக் காணவில்லை என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்ததுமே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 1 வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள், போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. அரிப்பின் வேகத்தை அது குறைக்கும், அவ்வளவுதான். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியை எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் செலுத்தும் முறை) மூலம் எடுத்தே ஆக வேண்டும். தேன் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் குட்டிக் காந்தங்களும் கவனிக்க வேண்டியவையே. சக்திவாய்ந்த காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால், இடையில் மாட்டும் குடலை நசுக்கி ஓட்டை போட்டுவிடும்.

வாங்கும்போது மூடியில் திருகு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றின் மூடிமேல் பசைநாடா ஒட்டலாம். ஆனால் அதைக் குழந்தை உரித்துவிடும், உயரத்தில் வைப்பதே மேல். கழற்றிய பேட்டரியை மேசையில் வைக்காமல், இருபுறமும் பசைநாடா ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.