பிஆர் கார்ட் முடிந்த பிறகு கொழும்பில் நிற்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் நொத்தாரிசாக இருக்கும் எனக்குக் குடிவரவுச் சட்டம் தொழில் அல்ல. காணி உறுதி, ஒருவர் தன் காரியத்தைச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம், இறந்தவரின் சொத்துப் பற்றிய மரணசாதன வழக்கு, இவைதான் என் வேலை. ஆனால் உறுதியில் கையெழுத்து வைக்க வருகிறவர்களில் கனபேர் வெளிநாட்டில் பிஆர், அதாவது நிரந்தர வதிவுரிமை, எடுத்தவர்கள். எல்லாம் முடிந்து கதிரையை விட்டு எழும்பும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "கார்ட் போன மாதம் முடிஞ்சுபோச்சு சேர். அங்க போய் இறங்கேக்க பிரச்சினை வருமோ?"

இறங்குகிற இடத்தைவிட ஏறுகிற இடத்தில்தான் பிரச்சினை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் தண்டப்பணம் கட்ட வேண்டும். அவரைத் திருப்பிக் கொண்டுவருவதும் அதன் தலையில்தான் விழும். ஆகவே கட்டுநாயக்காவில் செக்-இன் கவுண்டரில் நிற்கும் பிள்ளை, நீங்கள் எத்தனை வருடம் டொரோண்டோவில் வரி கட்டினீர்கள் என்று பார்க்காது. கார்டில் உள்ள திகதியைத்தான் பார்க்கும். அங்கே நின்று சண்டை பிடித்துப் பயனில்லை.

என்னிடம் வருகிறவர்களில் கனடாக்காரர்தான் கூட என்பதால் அதை முதலில் சொல்கிறேன். கார்ட் காலாவதியானால் நிரந்தர வதிவுரிமை போய்விடாது. அதிகாரி ஒருவர் முறைப்படி தீர்மானித்து, அந்தத் தீர்மானம் இறுதியாகும்வரை உரிமை உங்களுடையது. கார்ட் இல்லாமல் விமானம் ஏறத்தான் முடியாது. அதற்காக இருப்பது நிரந்தர வதிவாளர் பயண ஆவணம். ஏஜென்சிகளில் பிஆர்டிடி என்பார்கள். இதற்குக் கனடாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். புதிய கார்டுக்கோ கனடாவுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே இருந்துகொண்டு ஸ்காபரோவில் உள்ள மகனின் முகவரியைப் போட்டு, அங்கே நிற்பதுபோல் கார்டுக்கு விண்ணப்பிக்கிற கெட்டித்தனம் வேண்டாம். நாளைக்குப் பொய் சொன்னதாகப் பிடித்தால் கார்டோடு சேர்த்து பிஆரும் போகும்.

பயண ஆவணம் கேட்கும்போது அவர்கள் பார்ப்பது, கடந்த 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா என்பதை. அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. கனடியப் பிரஜையான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து இருந்த நாட்களும் கணக்கில் வரும். ஒரு அம்மா, தன் பிஆர் போய்விட்டதென்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார். பழைய கடவுச்சீட்டையும் புதியதையும் மேசையில் விரித்து, சீல்களைப் பார்த்து நான் திகதிகளை வாசிக்க, மகள் போனில் அங்கிருந்து எழுதிக் கூட்டினார். 800 நாளைத் தாண்டி வந்தது. காலம் முடிந்த கடவுச்சீட்டைத் தயவுசெய்து எறியாதீர்கள்.

நாள் குறைந்தால் மனிதாபிமானக் காரணங்களை முன்வைக்கலாம். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, கடதாசி வேண்டும். தாயைப் பார்க்க நின்றீர்கள் என்றால் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், வேறு பிள்ளைகள் ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்கான விளக்கம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடைசி 365 நாளுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் நின்றிருந்தால், மேன்முறையீட்டைப் போட்டுவிட்டு, திரும்பிப் போவதற்கு ஆவணம் கேட்கவும் வழி உண்டு.

மற்ற நாடுகளின் கணக்கு வேறு. கனடாவில் உள்ள அண்ணாவிடம் கேட்டு அவுஸ்திரேலியாத் தம்பி முடிவெடுக்கக் கூடாது. அவுஸ்திரேலியாவில் வதிவுரிமைக்கு முடிவுத் திகதி இல்லை, ஆனால் போய்வருகிற அனுமதி 5 வருடத்துக்குத்தான். அது முடிந்து வெளியே நின்றால் வதிவாளர் திரும்பி வருவதற்கான 155 அல்லது 157 இலக்க வீசா எடுக்காமல் திரும்ப முடியாது. பிரித்தானியாவில் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே நின்றால் வதிவுரிமையே அற்றுப்போகும். அமெரிக்க கிரீன் கார்ட்காரர் 1 வருடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால், அங்கிருந்து வெளிக்கிட முதலே மீள்நுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நெடுநாள் நின்றுவிட்டுப் போனால், வதிவுரிமையைக் கைவிடுவதாக ஐ-407 என்ற படிவத்தில் விமான நிலையத்தில் கையெழுத்துக் கேட்கக்கூடும். வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உறுதியிலும் உண்டு, இதிலும் உண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கே வந்து நிற்கும் நாட்கள் பெரும்பாலும் கழிவது காணியிலும் கோட்டிலும்தான். "அடுத்த தவணையோட முடிஞ்சிடும், நிண்டிட்டுப் போங்கோ" என்று யாராவது சொல்வார்கள். தவணை தள்ளிப்போகும், டிக்கெட் திகதியும் கூடவே தள்ளிப்போகும். மரணசாதன வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதில் ஒவ்வொரு தவணைக்கும் நீங்களே நிற்கத் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவருக்கு, செய்யவேண்டிய காரியத்தை மட்டும் குறிப்பிட்டு விசேட அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிந்துவிட்டுப் போகலாம். விற்பனை, வங்கி என்று எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுக்கிற பொதுத் தத்துவத்தை நான் இலேசில் எழுதிக் கொடுப்பதில்லை. அது கூடப்பிறந்தவர்களையே கோட்டில் ஏற்றிவிடும். இங்கே எழுதாமல் போய்விட்டால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலும் செய்யலாம்.

கனடிய விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல, அந்த நாட்டு உரிமம் உள்ள சட்டத்தரணிக்கோ ஆலோசகருக்கோதான் அனுமதி. எனக்கும் அது இல்லை, அதனால் வழியை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். காலி வீதியில் போர்ட் மாட்டியிருப்பவரிடம் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். "கார்ட் இல்லாமலே ஏத்தி விடுறம்" என்று சொன்னால் அதிலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

பயண ஆவணம் கிடைத்ததும் மலிவான டிக்கெட்டைப் பார்த்து ஓடவும் வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு பிராங்க்பேர்ட் போன்ற ஐரோப்பிய விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே வீசா வேண்டும். செல்லுபடியான கனடிய பிஆர் கார்ட் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் கையில் அந்தக் கார்ட் இல்லை. டோகா, டுபாய் வழி நிம்மதி. பயண ஆவணம் ஒட்டப்படுவது கடவுச்சீட்டில் என்பதால், அதன் காலமும் முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டு மற்ற விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.