பப்பாளி சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்

நாள் தள்ளி மூன்று வாரம். கரு கலைந்துவிடும் என்று நம்பி பப்பாளி, அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை எல்லாம் ஆயிற்று. "லேசா பட்டுச்சு டாக்டர், கலைஞ்சிருச்சுன்னு விட்டுட்டேன்" என்றார் அந்தப் பெண். முகம் வெளுத்திருந்தது. வயிற்றோடு தோள்பட்டையும் வலிக்கிறது என்றார். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தம். அன்றிரவே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

"என் அக்காவுக்குப் பப்பாளி சாப்பிட்டதும் வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கும். மாதவிடாய் ஒரு வாரம், பத்து நாள் தள்ளுவது பலருக்கும் நடப்பதுதான். மனக்கவலையிலும் தள்ளும், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தாலும் தள்ளும். அவர்களில் பலர் கர்ப்பமாகவே இருந்திருக்க மாட்டார்கள். எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த வாரம் வந்திருக்கும். உறுதியான கர்ப்பத்திலேயே நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைந்துவிடும். பெயர் மட்டும் பப்பாளிக்கு. சாப்பிட்டும் கலையாதவர்கள் வெளியே சொல்வதில்லை, அதனால் அந்தக் கதை யார் காதுக்கும் வருவதில்லை. ரத்தம் பட்டதாலேயே கர்ப்பம் முடிந்துவிட்டது என்றும் ஆகாது.

நாள் தள்ளினால் முதலில் சிறுநீரில் பார்க்கும் கார்டு டெஸ்ட். பாசிட்டிவ் என்றால், ரத்தம் பட்டாலும் படாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கருக்கலைப்புக்கு 1971 முதல் சட்டம் இருக்கிறது. 18 வயது நிறைந்தவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. சீக்கிரம் வந்தால் மாத்திரையிலேயே முடியும்.

உறவு முடிந்ததும் எலுமிச்சைச் சாறோ உப்புத் தண்ணீரோ விட்டுக் கழுவுவதால் கர்ப்பத்தைத் தடுக்க முடியாது, புண்தான் மிச்சம். வெள்ளைப்படுதலுக்குப் பூண்டு, மஞ்சள் என்று எதையும் உள்ளே வைக்காதீர்கள், தயவுசெய்து. வெளியே வெறும் தண்ணீர் போதும். தயிர்போலப் பட்டு அரிப்பும் அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம்மூர் மருந்துக் கடைகள் பலவற்றில் 'இல்லை' என்பார்கள். அங்கேயே விட்டுவிடாமல் டாக்டரிடம் வாருங்கள். ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டாலும் பலன் உண்டு. அரசு மருத்துவமனையில் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இரண்டும் இலவசம். கணவரையும் கூட்டிப் போங்கள், ஆணுறையும் அங்கேயே கிடைக்கும்.