காசை ரேமில் போடுங்கள்: வீட்டிலேயே ஒரு சர்வர் ஆய்வகம்

"சர்வர் வேலை கத்துக்கணும், ஆனா சர்வருக்கு எங்க போறது அண்ணா?" வட சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சர்வர் வேண்டாம், ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட சின்னக் கணினி போதும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோலச் செய்யும் விர்ச்சுவலைசேஷன் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் நம்பிக்கை தானாக வரும். எதில் காசு போட வேண்டும், எதில் போட வேண்டாம் என்பதும் கூடவே புரியும்.

விண்டோஸோ லினக்ஸோ, எந்த இயங்குதளமும் கணினி முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ப்ராசஸரின் சில கட்டளைகளை அது மட்டும்தான் போடலாம். சாதாரண புரோகிராம் போட்டால் ப்ராசஸர் தடுத்துவிடும். ஒரே பெட்டியில் நாலு இயங்குதளங்கள் ஓட வேண்டுமென்றால், அந்த அதிகாரத்தை நாலிடமிருந்தும் வாங்கி ஹைப்பர்வைசர் என்ற மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். உள்ளே ஓடும் விருந்தாளி இயங்குதளம் அதிகாரக் கட்டளை போடும்போது, ப்ராசஸர் அதைப் பிடித்து ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். அது வேண்டியதைச் செய்துவிட்டு விருந்தாளியைத் தொடர விடும். ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் 1974-இல் இதற்கான நிபந்தனையை வகுத்தார்கள். விவகாரமான கட்டளைகள் எல்லாமே இப்படிப் பிடிபட வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்டெல் பென்டியம் ப்ராசஸரில் 17 கட்டளைகள் பிடிபடாமல் தப்பின. அதில் பாப்எஃப் என்று ஒன்று. இன்டரப்டுகளை (நடக்கும் வேலையை இடைமறித்து ப்ராசஸரைக் கூப்பிடும் சிக்னல்களை) நிறுத்தவும் திறக்கவும் இயங்குதளம் இதைப் பயன்படுத்தும். அதிகாரமில்லாத நிலையில் இதைப் போட்டால் ப்ராசஸர் தடுக்கவும் தடுக்காது, சொன்னதைச் செய்யவும் செய்யாது. சத்தமில்லாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். இன்டரப்டு நின்றுவிட்டது என்று விருந்தாளி நம்பிக்கொண்டிருக்கும், ஹைப்பர்வைசருக்குத் தகவலே போகாது. 1999-இல் வந்த விஎம்வேர் இதை மென்பொருளாலேயே சமாளித்தது. விருந்தாளியின் கட்டளைகளை ஓடுவதற்குச் சற்று முன்பு படித்துப் பார்த்து, வில்லங்கமானவற்றை மாற்றி எழுதியது. இன்றைக்கு நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. பிறகு 2005-இல் இன்டெல்லின் விடி-எக்ஸும் 2006-இல் ஏஎம்டி-வியும் வந்து, விருந்தாளிக்கென்று ஒரு தனி நிலையை ப்ராசஸருக்குள்ளேயே வைத்தன. 2007-இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் வசதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்ததும், யாருக்கும் காசு கொடுக்காமல், இப்படிப்பட்ட ப்ராசஸர் உள்ள எந்த லினக்ஸ் பெட்டியையும் ஹைப்பர்வைசராக மாற்ற முடிந்தது.

ஹால்ட் என்ற ஒரே ஒரு கட்டளையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். செய்ய வேலை இல்லாதபோது இயங்குதளம் இதைப் போடும். அடுத்த இன்டரப்டு வரும்வரை ப்ராசஸர் சும்மா இருக்கட்டும் என்று அர்த்தம். விருந்தாளி இதைப் போட்டதும் ப்ராசஸர் அதன் நிலையை அப்படியே எழுதி வைத்துவிட்டு ஹைப்பர்வைசரிடம் திரும்புகிறது. இந்தத் திரும்பலுக்கு ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. "சரி, இவனுக்கு இப்போது வேலை இல்லை" என்று தெரிந்துகொண்டு, ப்ராசஸரின் அந்த 'கோர்' பகுதியை (ஒரு ப்ராசஸருக்குள் கட்டளைகளைத் தனியாக ஓட்டும் பகுதி அது) ஹைப்பர்வைசர் வேறொரு விருந்தாளிக்குக் கொடுத்துவிடும். கற்றுக்கொள்ளும் ஆய்வகத்தில் ஓடும் வெப் சர்வரும், இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரும் நாளின் பெரும்பகுதி ஹால்ட்டில்தான் கிடக்கும். நாலு கோர் உள்ள பெட்டியில் பத்து விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது விருந்தாளி குடியிருக்கும் மெய்நிகர் கணினி) ஓடுவது இதனால்தான்.

கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் அப்படியில்லை. பழைய வண்ணாரப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் எட்டுக் குடும்பம் முறை வைத்து ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துவிடும். ஆனால் ஆளுக்கொரு அறை இருந்தே ஆக வேண்டும். ப்ராசஸர் நேரம் குழாய் மாதிரி, ரேம் அறை மாதிரி. ஒரு விஎம்முக்கு 2 ஜிபி என்று எழுதிக் கொடுத்தால், தொடக்கத்தில் கொஞ்சமாகத்தான் எடுக்கும். போகப்போக டிஸ்கில் படித்ததையெல்லாம் அங்கே சேர்த்து வைத்து, முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ரேமில் ஒரே மாதிரி உள்ள பக்கங்களை (சின்னச் சின்னத் துண்டுகளை) ஒன்றாக்கும் கேஎஸ்எம் என்ற வசதி லினக்ஸில் 2009 முதலே இருக்கிறது. டெபியன் என்ற ஒரே லினக்ஸை ஆறு முறை நிறுவியிருந்தால் அது கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தரும், அவ்வளவுதான்.

அதனால் ப்ராசஸர் சுமாராக இருந்தால் போதும், காசை ரேமில் போடுங்கள். 16 ஜிபியில் ஹைப்பர்வைசருக்கு 2 போனால், டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வர்கள் ஆறு, ஆளுக்கு 1 ஜிபி. மீதியில் ஒரு விண்டோஸ் சர்வரை 4 ஜிபி கொடுத்து ஓட்டலாம். அதன் சோதனைப் பதிப்பு 180 நாள் இலவசம். பல சர்வர்களில் செயலிகளைப் பரப்பி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் வரை போக நினைத்தால் 32 ஜிபி.

வாங்குவதற்கு இது நல்ல நேரம். விண்டோஸ் 11 இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய ப்ராசஸர்களை அநேகமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. ஆகவே ஆபீஸ்கள் 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளைக் கழித்துவிடுகின்றன. லினக்ஸுக்கு அவை தாராளம். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று கேளுங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிறுத்தத்தில் இறங்கினால் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1, ஹெச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய்ப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் என்ற வரி ஆஃபில் இருந்தால் ஆன் செய்துகொள்ளலாம், அது குறையில்லை. பயாஸ் பாஸ்வேர்டு கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று டேட்டா சென்டர் அலமாரிகளில் செருகும் பழைய ரேக் சர்வரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 216 யூனிட் ஏறும்.  மினி பெட்டி சராசரியாக 20 வாட் எடுத்தால் 29 யூனிட்டுக்குள் அடங்கும். ரேக் சர்வரின் சத்தத்தில் ஒற்றை அறை வீட்டில் யாரும் தூங்கவும் முடியாது. திரை உடைந்த பழைய லேப்டாப்பும் நல்ல தேர்வுதான், பேட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். மினி பெட்டிக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதும், இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம்.

தரையில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் எங்கே நின்றது என்பது நமக்குத் தெரியும். பரணும் சரிப்படாது, கத்திரி வெயிலில் அங்கே வெந்துவிடும். நெஞ்சு உயரத்தில் ஒரு சுவர்ப் பலகை போதும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து ஃபேனில் படியும், அவ்வப்போது திறந்து துடையுங்கள்.

டெபியனை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருளை நிறுவிவிட்டால் மற்றதெல்லாம் பிரவுசரில் நடக்கும். முதல் நாளே ஸ்னாப்ஷாட் எடுக்கப் பழகுங்கள். அது டிஸ்கை நகல் எடுப்பதில்லை. இருக்கும் தகவலை அப்படியே உறைய வைத்துவிட்டு, இனி மாறுகிற பகுதிகளை மட்டும் வேறிடத்தில் எழுதுகிறது. அதனால்தான் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிகிறது. எடுத்த பிறகு தைரியமாகக் கெடுங்கள். இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரை அழியுங்கள், ஃபயர்வால் (நெட்வொர்க் காவல்) விதியைத் தப்பாகப் போட்டு உங்களையே வெளியே பூட்டிக்கொள்ளுங்கள். முதலில் சொந்தமாகச் சரிசெய்யப் பாருங்கள், முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புங்கள். வேலை செய்யும் இடத்தில் யாரும் உங்களுக்கு இந்தச் சுதந்திரத்தைத் தர மாட்டார்கள்.

நெட்வொர்க்குக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு மெய்நிகர் சுவிட்ச் போட்டுத் தரும். எல்லா விஎம்மும் அதில் செருகிக்கொள்ளும். இதை வைஃபையில் செய்ய முடியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வைஃபையில் ஒரு கணினி தன்னிடம் பதிவு செய்த ஒரே மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும்தான் அதனிடமிருந்து ரௌட்டர் ஏற்கும், விஎம்கள் ஒவ்வொன்றும் வேறு முகவரியில் பேசும். ரௌட்டரிலிருந்து சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. கேபிளே இல்லாத இன்னொரு மெய்நிகர் சுவிட்சும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலை ஒரு விஎம்மாக நிறுத்திப் பாருங்கள். உள்பக்கச் சுவிட்சில் இருக்கும் சர்வர் எந்த போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) வெளியே போகலாம், எதில் கூடாது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்தும் மூடியும் பார்ப்பதுதான் அடுத்த பாடம்.