கருவிழி பூக்காது: ஐரிஸ் என்ற சொல்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருக்கும் ஐரிஸ் பூத் தோட்டத்தைப் பற்றிய ஆவணப்படம். தமிழ்க் குரல் போட்டிருந்தார்கள். "மே மாதம் வந்துவிட்டால் இங்கே கருவிழிகள் பூத்துக் குலுங்கும்" என்றது குரல். சரி, வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கருவிழியைத் தோண்டி எடுத்து, தோல் சீவி, ஆண்டுக்கணக்கில் காயவைத்து வாசனைப் பொருள் செய்கிறார்கள்." பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் ஐரிஸ் என்பது இந்தப் பூவுக்கும் பெயர், கண்ணின் கருவிழிக்கும் பெயர். அதனால் வந்த குழப்பம். இது முதல் தடவை என்றால் பரவாயில்லை. செடி விற்பவர்களின் அட்டையில் 'கருவிழிப் பூ', பயணக் கட்டுரையில் 'கருவிழி மலர்த் தோட்டம்' என்று எத்தனை முறைதான் பார்ப்பது?

கிரேக்க மொழியில் ஐரிஸ் என்றால் வானவில். வானவில்லின் தேவதைக்கும் அதுவே பெயர். பல நிறத்தில் பூப்பதால் பூவுக்கு அந்தப் பெயர். ஆளுக்கு ஒரு நிறமாக இருப்பதால் கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் அதே பெயர். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே இந்தப் பூச்செடிகளின் பேரினப் பெயராக்கினார். ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. பாலில் போடுகிறோமே குங்குமப்பூ, அதுவும் இதே குடும்பம்தான்.

ஆக, கண்ணும் பூவும் ஒரே பாட்டியின் பேத்திகள். ஒருத்தியின் பெயரைப் பிடுங்கி மற்றவளுக்கு வைப்பது என்ன நியாயம்? 1803இல் ஓர் உலோகத்தின் உப்புகள் பல நிறம் காட்டின என்று அதற்கும் இதே வேரிலிருந்து பெயர் வைத்தார்கள். கோபுரக் கலசத்தில் இருக்கிறது என்று சொல்லி நம் ஊரில் பணம் பறிக்கிறார்களே, அந்த இரிடியம்தான். இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கையில் கிடைத்திருந்தால் அது 'கருவிழியம்' ஆகியிருக்கும்.

கருவிழி என்ற சொல்லே ஏற்கனவே திண்டாடுகிறது. ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும் பதிவு செய்யும் 'கருவிழி' ஐரிஸ். 'கருவிழி மாற்று அறுவை சிகிச்சை' என்று செய்தியில் வருவது அதற்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா. இரண்டு வேலை பார்த்துக் களைத்த சொல்லின் தலையில் பூக்கூடையையும் ஏற்ற வேண்டுமா? அதுவும் தமிழில் கண் பூத்துப்போவது என்றால் வேறு பொருள். காத்திருந்து காத்திருந்து பார்வை மங்கிப்போனவரைத்தான் கண் பூத்துவிட்டது என்போம். தோட்டம் நிறையக் கருவிழிகள் பூத்திருந்தால் கண் மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கண் போன்ற பூ வேண்டும் என்றால் அது நம்மிடம் எப்போதோ இருக்கிறது. "கண்ணெனக் கருவிளை மலர" என்கிறது ஐங்குறுநூறு. கருவிளை என்பது வேலியில் படரும் நீலச் சங்குப்பூ. ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட இன்றைய வாயில் கருவிழிப் பூவும் கருவிளைப் பூவும் எப்படிக் கேட்கும் என்று சொல்லிப் பாருங்கள்.

'வானவில் பூ' என்று ஒரு கட்சி உண்டு. கேட்க அழகுதான், ஆனால் ஒட்டாது. வானவில் சிவப்பில் தொடங்குகிறது. ஐரிஸில் நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை, கறுப்பை நெருங்கும் நிறம்கூட உண்டு, அசல் சிவப்பு மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபிளாரன்ஸ் நகரச் சின்னமே வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ஐரிஸ். அந்தச் சிவப்பை நிஜச் செடியில் வரவைக்க இன்றும் பாடுபடுகிறார்கள். அந்தச் சின்னத்தை ஆங்கிலத்தில் லில்லி என்பதால் நம்மவர்கள் 'அல்லி' ஆக்கிவிடுவது தனிக் கொடுமை. அல்லி குளத்தில் மிதக்கும் பூ. மூலத்தில் இருக்கும் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

நான் ஐரிஸை நேரில் பார்த்தது காஷ்மீரில். ஏப்ரல் கடைசி. துலிப் பார்க்கப் போய், அது உதிரும் நேரமாகிவிட்டது. திரும்பும் வழியில் ஒரு கல்லறை மேடு முழுக்க ஊதா. மண் சரியாமல் கிழங்கு பிடித்துக்கொள்ளும், அதனால் கல்லறைகளில் நடுவோம் என்றார் ஓட்டுநர். குனிந்து பார்த்தேன். மூன்று இதழ்கள் கைகூப்பினாற்போல் மேலே நிற்கின்றன, மூன்று நாக்கைத் தொங்கப்போட்டாற்போல் கீழே மடிகின்றன. தொங்கும் இதழின் நடுவே மஞ்சள் மயிர், கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல. ஒரு தேனீ அதன்மேல் நடந்து உள்ளே போய் முதுகெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்தது. எனக்கு அங்கே கண்ணும் ஞாபகம் வரவில்லை, வானவில்லும் ஞாபகம் வரவில்லை. ஞாபகத்தில் நின்றது இலை. இடுப்பிலிருந்து உருவிய வாள்போல நேராக, தட்டையாக.

அந்தந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இது 'வாள் லில்லி'. இத்தாலியரின் ஜாஜ்ஜோலோ, சிறிய வாள் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் நீரோரம் பூக்கும் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியல் பெயரின் பொருளே 'பொய் வசம்பு'. ஆமாம், பாட்டிமார் 'பேர் சொல்லாதது' என்பார்களே, அதே வசம்பு. இரண்டுக்கும் இலை அச்சு அசல் ஒன்று.

எனவே தமிழ்ப் பெயர் வேண்டும் என்பவர்களுக்கு என் வாக்கு 'வாளிலைப் பூ'வுக்கு. வேண்டாம் என்றால் ஐரிஸ் என்றே எழுதலாம். கிரந்தம் பிடிக்காதவர்கள் ஐரிசு என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன். மணிப்பூரில் செய்ராவோபா புத்தாண்டையொட்டிப் பூக்கும் நீல ஐரிஸை அவர்கள் கொம்பிரெய் என்கிறார்கள். அந்தத் திருவிழாவைப் பற்றி எழுதும்போதாவது கொம்பிரெய் என்றே எழுதுங்கள்.