தோட்டத்துக்கு அடியில் அருங்காட்சியகம் இருந்தால்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கோட்டைக் கட்டடத்துக்குத் தெற்கே உள்ள ஈனிட் ஹாப்ட் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பலருக்கு, தாங்கள் நிற்பது மொட்டை மாடி என்றே தெரியாது. 1987-இல் திறந்த இந்த 4.2 ஏக்கர் தோட்டத்துக்குக் கீழே ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகமும் ஆசியக் கலைக்கான சாக்லர் காட்சியகமும் இருக்கின்றன. நுழைவு மண்டபங்கள்தான் வெளியே தெரியும்.

தோட்டம் அமைக்கும் எங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் செடிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் எடையைப் பேச வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.8 டன் வரும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் கொட்டினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு காரை நிறுத்தியது போல. அதனால் பெரிய மரங்களைத் தூண்களுக்கு நேர் மேலே வைக்கப் பார்ப்போம். ஹாப்ட் தோட்டத்தின் நடுவில் கோலம் போல இருக்கும் பூப்பாத்திகளில் பருவத்துக்குப் பருவம் செடி மாற்றுகிறார்கள். ஆழமாக வேர் விடாத செடிகள் இத்தகைய தளத்துக்குத் தோது.

எடையைக் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். தண்ணீர்தான் பெரிய தலைவலி. கான்கிரீட் தளத்துக்குத் தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கொடுத்து, மேலே நீர்த்தடுப்புத் தாள், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி, அப்புறம்தான் மண். தாள் ஒட்டியதும் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது, முடிந்தால் 48 மணி நேரம், விட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சோதனைதான்.

தாளில் ஓட்டை விழுந்த இடத்திலேயே கீழே சொட்டும் என்று நினைக்காதீர்கள். தாளுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, எங்கோ ஒரு விரிசலில் இறங்கும். கீழே மரச்சிற்பம் இருக்கிறது. மேலே எந்தப் பாத்தியைத் தோண்டுவது? அதனால்தான் தாளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து ஒட்டச் சொல்கிறேன். ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் மேலே திறந்து பார்க்க ஒரு மூடியும் வேண்டும்.

தாளுக்கு ஆயுள் சில பத்தாண்டுகள்; மரம் அதையும் தாண்டி நிற்கும். 2014-இல் ஸ்மித்சோனியன், இந்தத் தோட்டம் அடங்கிய தெற்கு வளாகத்துக்குப் புதுத் திட்டம் அறிவித்தபோது, கூரைக் கசிவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தோட்டத்தை இழக்க மனமில்லாத மக்கள் எதிர்த்தார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பேன்.

உங்கள் அடுக்குமாடியில் கார் பார்க்கிங் மேல் தோட்டம் போடுகிறார்களா? தண்ணீர் கட்டிச் சோதித்த தேதியையும் வடிகால் வாய்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் மண் கொட்டும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.