பேனிங்: இடவலப் பங்கீடு

பேனிங்: ஓர் ஒலித்தடத்தை இடப்பக்க ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, வலப்பக்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புதல். அதற்கான குமிழ் பேன் அல்லது பேன்பாட். பேச்சு வழக்கில் "வயலினைக் கொஞ்சம் ரைட்ல தள்ளு", "பாட்டு சென்டர்லயே இருக்கட்டும்" என்பார்கள். தமிழில் எழுதும்போது 'பேன்' என்று மட்டும் விட்டால் தலையில் ஊர்வதுதான் நினைவுக்கு வரும். 'ஃபேன்' என்று எழுதினால் காற்றாடி. நல்ல தமிழ்ச்சொல் தேட இதுவே போதுமான காரணம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'பான்' என்றால் எல்லாம், 'ஹோராமா' என்றால் காட்சி. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டச் சுவர் முழுக்க வரையும் முறைக்கு 1787-ல் காப்புரிமை பெற்றார். 'பனோரமா' என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்து அதற்கு வந்தது. பிறகு கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதும் பேன் ஆயிற்று. 1940-ல் வெளிவந்த டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'வுக்கென உருவான ஃபேன்டாசவுண்ட் அமைப்பில், ஒலியைத் திரையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் கொண்டுசெல்ல ஒரு திருகு மின்தடையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பனோரமிக் பொட்டன்ஷியோமீட்டரின் சுருக்கம்தான் பேன்பாட். நீளமான சொல் தேய்ந்து கடைசியில் நின்றது 'எல்லாம்' என்ற பொருளுள்ள பாதி மட்டும். குமிழ் செய்யும் வேலையோ இரண்டாகப் பிரிப்பது!

தமிழுக்கு வருவோம். 'அகலக்காட்சி' கேமராவுக்குப் பொருந்தும், காதுக்குப் பொருந்தாது. 'பக்க நகர்வு' என்பது எளிது, ஆனால் தவறான எண்ணத்தை உண்டாக்கும். குமிழைத் திருகினால் ஒலி எங்கும் நகர்வதில்லை. இரண்டு ஒலிபெருக்கிகளின் அளவு வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டைக் காது திசையாக எடுத்துக்கொள்கிறது. காவிரி வந்து கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் பிரியும்போது, ஒரு மதகை இறக்கி மறு மதகை ஏற்றினால் தண்ணீரின் பங்கு மாறுகிறதல்லவா, பேன் குமிழ் செய்வது அதுதான். ஆகவே 'இடவலப் பங்கீடு' என்ற சொல்லே என் தேர்வு. குமிழுக்குப் 'பங்குக் குமிழ்'. தமிழில் 'இடம்' என்பது இடப்பக்கத்தையும் குறிக்கும், வைக்கும் இடத்தையும் குறிக்கும் என்பது இங்கே கூடுதல் வசதி.

பங்கீடு என்று சொல்லிப் பழகினால் இன்னொரு நன்மை உண்டு. 'பேன் பண்ணினால் வால்யூம் குறைகிறது' என்ற பரவலான புகார் புகாராகவே இருக்காது. குமிழ் நடுவில் இருக்கும்போது இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே தடத்தைப் பாடுகின்றன. ஓரத்துக்குத் தள்ளினால் ஒன்று மட்டும் பாடுகிறது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவாகக் கேட்க வேண்டுமானால் நடுவில் ஒவ்வொரு பக்கத்தையும் கொஞ்சம் குறைத்தாக வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதே பேன் லா, தமிழில் 'பங்கீட்டு விதி'. 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறைத்தால் ஒவ்வொரு பக்கமும் அலையின் உயரம் 0.707 மடங்கு ஆகும், மொத்தத் திறன் மாறாது. அறையில் கேட்க இதுவே சரி. 6 டெசிபல் குறைத்தால் ஒவ்வொரு பக்கமும் பாதி உயரம். இரண்டையும் கூட்டி ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டால் குமிழ் எங்கிருந்தாலும் அளவு மாறாது. இரண்டுக்கும் நடுவே 4.5 என்றும் ஒரு சமரசம் உண்டு.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இந்த நடுக்குறைப்பு கிடையாது. நடுவில் இரு பக்கமும் முழு அளவு. 50 சதவீதம் இடது என்று வைத்தால் இடப்பக்கம் அப்படியே இருக்க, வலப்பக்கம் மட்டும் பாதி உயரத்துக்கு, அதாவது 6 டெசிபல் இறங்கும். ஆகவே ஓரத்துக்குப் போகும் தடம் மெலிந்து கேட்பது இயல்பு. தடத்தின் அளவை 2, 3 டெசிபல் ஏற்றி ஈடுகட்டலாம். ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளில் ஆல்ட்டும் என்டரும் அழுத்தி, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பக்கம் போனால் பேன் லா இருக்கும். தொடக்கத்தில் அது 0. அதை மைனஸ் 3 ஆக்குவதானால் கலவையை, அதாவது மிக்ஸிங்கை, தொடங்கும் முன்பே ஆக்குங்கள். பாதி வேலையில் மாற்றினால் நடுவில் வைத்த பாட்டும் மிருதங்கமும் திடீரென்று இறங்கி, ஓரத்து வயலின் மேலே வந்து நிற்கும். வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பைத் திறந்ததும் கலவை கலைந்திருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்த சொல் 'பேலன்ஸ்'. இதைச் 'சமன்' எனலாம். ஸ்டீரியோ தடத்தில், அதாவது இட ஒலியும் வல ஒலியும் தனித்தனியாக உள்ள தடத்தில், பங்குக் குமிழ் மாதிரியே தெரிவது பல மென்பொருள்களில் சமன்தான். கீபோர்டை ஸ்டீரியோவாகப் பதிந்து குமிழை முழுக்க இடப்பக்கம் திருகினால், வலப்பக்கத்தில் இருந்த ஸ்வரங்கள் இடப்பக்கம் வராது, அடங்கிவிடும். மதகை அடைத்த தண்ணீர் மறுபக்கம் திரும்பவில்லை, நின்றுபோனது. ரீப்பரில் குமிழை வலச்சொடுக்கி 'ஸ்டீரியோ பேன்' அல்லது 'டூயல் பேன்' தேர்ந்தால் உண்மையான பங்கீடு கிடைக்கும்.

வீட்டுப் பதிவில் அதிகம் வரும் கோளாறு, ஒரு காதில் மட்டும் கேட்பது. கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இரண்டு உள்ளீடுள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, ஒரே மைக்கை முதல் உள்ளீட்டில் செருகி, தடத்தை ஸ்டீரியோவாகத் திறந்து பதிந்தால் பாட்டு இடப்பக்கம் மட்டும் விழும். வலப்பக்கம் வெறும் கோடு. பங்குக் குமிழை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது, ஏனென்றால் அங்கே பங்கிட எதுவும் இல்லை. ஆடாசிட்டியில் தடத்தின் பெயர் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' (ஸ்டீரியோவை ஒற்றை ஒலித் தடங்களாகப் பிரித்தல்) கொடுத்து, வெற்றுத் தடத்தை நீக்குங்கள். 'மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ' வேண்டாம். அது இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதால், ஒலியோடு வெறுமையும் சேர்ந்து பாட்டு 6 டெசிபல் இறங்கிவிடும். ரீப்பரில் துண்டைத் தேர்ந்து எஃப்2 அழுத்தி, சேனல் மோடில் 'மோனோ லெஃப்ட்' போதும்.

அடுத்த முறை மோனோ உள்ளீட்டைத் தேர்ந்தே பதியலாம். ஆனால் சில கருவிகளில், மோனோ என்று வைத்ததும் ஓட்டுமென்பொருளே (டிரைவர்) இரண்டு உள்ளீட்டையும் சராசரியாக்கிவிடும். எவ்வளவு உரக்கப் பாடினாலும் அலை பாதி உயரத்தில் தட்டையாக முட்டி நின்றால் இதுதான் நடக்கிறது. அங்கே ஸ்டீரியோவில் பதிந்து பிரிப்பதே வழி.

பதிவு சரியாக இருந்தும் ஒரு காதில் கேட்டால் செருகியைப் பாருங்கள். 6.35 மில்லிமீட்டர் துளையில் ஹெட்ஃபோன் முழுதாக இறங்கியிருக்காது, அல்லது மாற்றுச் செருகி கிட்டார் வயருக்கான மோனோ வகையாக இருக்கும். மாறாக, குமிழை எப்படித் திருகினாலும் இரு காதிலும் ஒன்றுபோல் கேட்டால், விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ ஆடியோ' இயங்குகிறதா என்று பார்த்து அணையுங்கள். கைப்பேசியிலும் இதே விசை உண்டு.

கலவை மொத்தமாகச் சிவப்பில் முட்டினால், அதாவது அளவுகாட்டி 0 டெசிபலைத் தாண்டினால், மாஸ்டரை (எல்லாத் தடங்களும் கூடும் இறுதிக் கட்டுப்பாட்டை) இறக்குவது அரைகுறை மருத்துவம். வேறுவேறு ஒலியுள்ள தடங்கள் இரட்டிக்கும்போதெல்லாம் மொத்தம் ஏறக்குறைய 3 டெசிபல் ஏறும். அதே தடத்தை நகலெடுத்து அடுக்கினால் 6 ஏறும். 'பாட்டு கனமாகட்டும்' என்று நகலெடுப்பவர்கள் அளவை மட்டுமே ஏற்றுகிறார்கள். மாஸ்டரை 0-விலேயே விட்டு, எல்லாத் தடங்களையும் ஒன்றாகப் பிடித்து இறக்கி, உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி செய்யுங்கள். ஆடாசிட்டியும் ரீப்பரும் உள்ளுக்குள் மிதவைப்புள்ளிக் கணக்கில் (மிகப் பெரிய எண்களுக்கும் இடம் தரும் முறையில்) இயங்குவதால் 0-வைத் தாண்டினாலும் அலை உடனே சிதையாது. 16 பிட் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போதுதான் தலை வெட்டுப்படும். அதன்பின் திருத்த முடியாது.

இடம் வலம் என்றால் யாருடைய இடம், யாருடைய வலம்? கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடகரின் வலக்கைப் பக்கம், வயலின் இடக்கைப் பக்கம் என்பது வழக்கம். கீழே இருக்கும் ரசிகருக்கு மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். கலவை ரசிகரின் காதுக்கு என்பதால் மிருதங்கத்தை இடப்பக்கம் 25, 30 சதவீதம், வயலினை வலப்பக்கம் அதே அளவு வைத்தால் திருவையாற்றுப் பந்தலில் உட்கார்ந்த உணர்வு வரும். முழு ஓரம் வேண்டாம், ஹெட்ஃபோனில் காதைக் குத்தும். மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத் தோல்) வலக்கோடியிலும் தொப்பியை (இடப்பக்கத் தோல்) இடக்கோடியிலும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வலக்கை வாசிப்பவர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது வலந்தலைதான் அவைக்கு முகம் காட்டுகிறது. எந்த ரசிகரும் மிருதங்கத்தை அவ்வளவு அகலமாகக் கேட்பதில்லை.

தவிலுக்கு இரு பக்கமும் மைக் வைத்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தோலில் அடி விழும்போது அது உள்ளே போகிறது, எதிர்த்தோல் வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிர் அலையைப் பதிகின்றன. இரு பக்கமும் பிரித்து வைத்துக் கேட்கையில் இது தெரியாது. ஆனால் திருவிழாவில் கூம்புக் குழாய்க்குப் போகும் ஒலி பெரும்பாலும் ஒற்றைத் தடம். அங்கே இரண்டும் கூடும்போது தொப்பியின் கனம் கரைந்துபோகும். ரீப்பரில் மாஸ்டரின் மோனோ பொத்தானை அழுத்தி, ஒரு தவில் தடத்தில் அலையைத் தலைகீழாக்கும், குறுக்குக் கோடிட்ட வட்டப் பொத்தானைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் அடிநாதம் தடிமனாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு, பிறகு மோனோவை அணைத்துப் பங்கீட்டைத் தொடங்குங்கள். ஊர்க்குழாய்க்கு மட்டுமே போகும் பதிவானால் பங்கீட்டு விதியை மைனஸ் 6-க்கு மாற்றிவிடலாம்.