காலையில் திறந்த கொன்டெக்ஸ்ட்

ஹற்றனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தோட்டக் காரியாலயத்தில் திருத்திய கொழுந்து நிறை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக் கணினியில் ஏன் பழையதாகவே தெரிகிறது, மென்பொருளை மூடித் திறந்ததும் எப்படிச் சரியாகிறது?

இத்தகைய மென்பொருளில் தரவுத்தள வரிசைகளைப் பொருள்களாக்கித் தரும் என்டிட்டி பிரேம்வேர்க் கோர் என்ற நூலகம், அவ்வேலையை டிபிகொன்டெக்ஸ்ட் (சுருக்கமாகக் கொன்டெக்ஸ்ட்) என்ற இடையாள் மூலம் செய்கிறது. கணக்கப்பிள்ளை காலையில் ஒருவரின் பதிவைத் திறக்கும்போது நிறை 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொன்டெக்ஸ்ட் அந்தப் பொருளைக் கொடுப்பதோடு, அதன் மூல மதிப்புகளின் பிரதியொன்றையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய நிரல்களை (அட்டவணைப் பத்திகளை) மட்டுமே தரவுத்தளத்துக்கு எழுதுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதற்கு அடுத்தது. ஒரு வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவிக்கு ஒரு கொன்டெக்ஸ்டில் ஒரே பொருள்தான் இருக்க முடியும். மதியம் காரியாலயத்தில் நிறை எழுதிய துண்டைப் பார்த்து 18 என்று திருத்திய பின், மடுவத்தில் அதே பதிவை மீண்டும் கேட்டால், வினவல் உண்மையாகவே தரவுத்தளம் வரை சென்று 18ஐக் கொண்டு வருகிறது. ஆனால் அந்தச் சாவிக்குரிய பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால், கொன்டெக்ஸ்ட் வந்த மதிப்பை ஒதுக்கிவிட்டு, 14 உள்ள பழைய பொருளையே நீட்டுகிறது. நடுவேலையில் நிரலர் செய்த மாற்றங்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நாள் முழுக்க ஒரே கொன்டெக்ஸ்டைத் திறந்து வைத்தால் அதுவே கேடாகிறது: மாலைக் கொழுந்து 5 கிலோவைக் கூட்டும்போது 23க்குப் பதிலாக 19 பதிவாகிறது. முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்பது கிலோவைப் பொறுத்திருக்கும் இடத்தில் 4 கிலோ சிறிய பிழையன்று.

மூடித் திறந்தால் புதிய கொன்டெக்ஸ்ட் பிறப்பதால் எண் சரியாகிறது. அதைப் பரிகாரம் போலத் தினமும் செய்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் இடையில் எழுதப்பட்ட 19ஐ அது திருத்தாது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய கொன்டெக்ஸ்ட் திறந்து, பதிவைப் புதிதாக எடுத்து, மாற்றி, சேமித்து, உடனே விடுவிக்க வேண்டும். வலைச் செயலிகளில் கொன்டெக்ஸ்டைப் பதிவுசெய்யும் வழமையான முறை, வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய கொன்டெக்ஸ்டாக இதைச் செய்துவிடுகிறது. மேசைக் கணினிச் செயலியில் நாமே செய்ய வேண்டும். திரையிலிருந்து திரும்பிய பொருளை அப்படியே அப்டேட் முறைக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது எல்லா நிரல்களையும் மாறியவையாகக் குறித்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் இருவர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடும். அதற்காக, ஒவ்வொரு திருத்தத்தோடும் மாறும் பதிப்பு நிரலொன்றைச் சேர்த்தால், வாசித்த பதிப்பு மாறியிருக்கும்போது சேமிப்பு ஒரு வரிசையையும் தொடாமல் பிழை எழுப்பும். அப்போது கணக்கப்பிள்ளையின் திரையில் 18ஐயும் 19ஐயும் அருகருகே காட்டலாம்.